பத்து எண்களையும் ஒன்றாகக் கொட்டலாமா?

கேள்வி: தக்காளி நாற்று வைத்த ஐந்து தொட்டிகளுக்கு வழக்கமான உரமும், வேறு ஐந்து தொட்டிகளுக்கு மண்புழு உரமும் இட்டேன். உயரம் செ.மீ.இல்: முதல் குழு 40, 42, 44, 46, 48, இரண்டாவது 47, 48, 49, 50, 51. கல்லூரிக்கு எதிரே உள்ள கணினி மையத்தில் பத்தையும் சேர்த்துத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) 3.54 என்று போட்டுக் கொடுத்தார்கள். தவறு என்கிறார் வழிகாட்டி. ஏன்? – வேளாண் முதுகலை மாணவி

பதில்: வழிகாட்டி சொன்னது சரி. காரணம் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்காதது வேறு கதை.

ஒரே உரம் பெற்ற செடிகளிலேயே ஒன்று 40, இன்னொன்று 48. இந்த ஏற்றத்தாழ்வு உரத்தால் வந்ததல்ல. விதை, வெயில், தொட்டி இருந்த மூலை என்று காரணங்கள் பல. சராசரிகளுக்கு இடையிலுள்ள 5 செ.மீ. பெரிதா சிறிதா என்று பார்க்க இதுதான் அளவுகோல். பத்தையும் கொட்டிக் கலந்தால் அந்த 5 செ.மீ.யும் அளவுகோலுக்குள் புகுந்துவிடுகிறது. உரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அளவுகோலும் நீண்டுகொண்டே போகும்!

முதல் குழுவின் சராசரி 44. அதிலிருந்து ஒவ்வொரு செடியின் விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 40. இரண்டாவதன் சராசரி 49, கூட்டுத்தொகை 10. மொத்தம் 50. இதை 10ஆல் அல்ல, 8ஆல் வகுக்க வேண்டும். குழுவுக்கு ஒரு சராசரி கண்டதில் ஒவ்வொன்று கழிந்துவிட்டது. 6.25 வரும், வர்க்கமூலம் 2.5. இதுதான் உங்கள் திட்ட விலக்கம். சராசரி வித்தியாசத்தின் திட்டப் பிழை, அதாவது அந்த வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு, 2.5 × √(2/5) = 1.58. 5ஐ அதனால் வகுத்தால் 3.16, தற்செயல் அல்ல என்று சொல்ல t-அட்டவணை (5% அளவில்) கேட்பது 2.31. உங்கள் உரம் தேறிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கு, தொட்டிக்கு ஒரு செடி இருந்தால்தான். தொட்டிக்கு மூன்று செடி அளந்திருந்தால் குழுவுக்குப் பதினைந்து ஆகிவிடாது. மூன்றின் சராசரியை எடுத்து அந்தத் தொட்டிக்கு ஓர் எண்ணாக வையுங்கள். பத்து இலை அளந்தாலும் அப்படியே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். அதே பானையில் பத்துச் சோற்றை எடுத்துப் பார்த்தாலும் அடுத்த பானை வெந்ததா என்று தெரியாது. என்னிடம் வந்த ஓர் ஆய்வேட்டில் ஐந்து தொட்டி ஐம்பது வரியாகப் பெருகியிருந்தது. மையத்துக்காரர் உபயம். திட்டப் பிழை சுருங்கியது, வித்தியாசம் தற்செயலல்ல என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் பூத்தன, தேர்வாளரும் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டுக் கையெழுத்திட்டார்.

இத்தகைய மையங்கள் ± குறிக்குப் பின்னால் திட்டப் பிழையைப் போட்டுவிட்டு எது என்று சொல்லாமல் விடுவதும் வழக்கம். சின்ன எண் பார்வைக்கு அழகு. நீங்கள் ஆய்வேட்டு அட்டவணையின் அடியில் அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, எத்தனை தொட்டி என்று எழுதிவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் எண்களுள்ள கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதில் பத்து வரிதான் இருக்க வேண்டும்.