கஜாவுக்குப் பெயர் வைத்தது யார்? புயல் பெயர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி "மழை எப்போது?" என்றுதான் இருக்கும். மீதி, பெயரைப் பற்றியது. இந்த முறை பெயருக்கு மட்டும் பதில்.

கஜா எங்கள் தென்னந்தோப்பையே படுக்க வைத்துவிட்டது. அந்தப் பெயரை நம் நாடுதானே வைத்தது? (வேதாரண்யம் வாசகி)

இல்லையம்மா, இலங்கை கொடுத்த பெயர் அது. யானை என்று பொருள் தெரிவதால் நம்முடையது என்று தோன்றுகிறது. யார் கரையில் அடிக்கிறதோ அவர்கள் பெயர் வைப்பதில்லை. வரிசையில் யார் முறையோ அவர்களுடையது. ரேஷன் கடை வரிசை மாதிரிதான். கஜாவுக்கு முந்தைய தித்லி பாகிஸ்தான் கொடுத்தது, அடித்தது ஆந்திரா, ஒடிசா பக்கம். சென்னையில் 2016-இல் மரங்களைச் சாய்த்த வர்தாவும் பாகிஸ்தான் பெயர்தான். ரோஜா என்று பொருள்.

நம் பக்கத்து 8 நாடுகள் ஆளுக்கு 8 பெயர் கொடுத்து, 2004-இல் இந்த வழக்கம் தொடங்கியது. முதல் பெயர் ஓனில், வங்கதேசம் கொடுத்தது. 2020 மே மாதம் அம்பனோடு அந்த 64 பெயர்களும் தீர்ந்தன. இப்போது ஈரான், கத்தார், சவுதி, அமீரகம், ஏமன் சேர்ந்து 13 நாடுகள். ஆளுக்கு 13, மொத்தம் 169 பெயர்கள். ஆங்கில அகரவரிசைப்படி வங்கதேசம் முதலில், ஏமன் கடைசியில். பெயரை அறிவிப்பது டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை.

கடலில் சுழல் தெரிந்ததுமே பெயர் வந்துவிடுமா?

வராது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம், கொஞ்சம் வலுத்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். ஆனால் நம் ஊடகங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று நாள்கணக்கில் எழுதித் தீர்த்தார்கள். அது முறைப்படி புயலாகிப் பெயர் வாங்கியது 29-ஆம் தேதி பிற்பகலில். மறுநாள் இரவே புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. பெயரோடு கடலில் இருந்தது ஒன்றரை நாள்கூட இருக்காது.

ஃபெங்கலா, ஃபெஞ்சலா? மிச்சாங்கா, மிக்ஜாமா? எது சரி?

ஃபெஞ்சல், மிக்ஜாம். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி உண்டு. அதைப் பார்க்காமல் ஆங்கில எழுத்தை மட்டும் கூட்டிப் படித்தால் மிச்சாங் வந்துவிடும். மியான்மர் கொடுத்த பெயர்கள் எல்லாமே இப்படிக் காலை வாரும். 2021-இல் வந்த டவ்தேவும் அவர்களுடையதுதான். எழுத்தைப் பார்த்தால் 'டவுக்டே' என்றுதான் யாரும் படிப்பார்கள்.

தமிழ்ப் பெயர் ஏதாவது வருமா? நான் ஒன்று அனுப்பலாமா?

வருகிறது. ஏமன் கொடுத்த டித்வாவோடு இரண்டாம் சுற்று முடிந்தது. மூன்றாம் சுற்றில் முதலில் வங்கதேசத்தின் அர்னாப், அடுத்து இந்தியா கொடுத்த 'முரசு'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்தக் கரையில் அறையப்போகிறதோ என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷப்பட மனம் வரவில்லை.

நீங்களும் வானிலைத் துறைக்கு எழுதிப் போடலாம். ஆங்கிலத்தில் எழுதினால் 8 எழுத்துக்குள் அடங்க வேண்டும், சட்டென்று வாயில் நுழைய வேண்டும். அரசியல், மதம், ஆண் பெண் சாயல் கூடாது. யார் மனமும் புண்படக் கூடாது. கடைசி விதியை லேசாக நினைக்காதீர்கள். 2013-இல் இலங்கை கொடுத்திருந்த 'மகாசேன்' என்ற பெயர் ஒரு புயலுக்கு வந்தது. மின்னேரியாக் குளம் வெட்டிய மன்னனின் பெயரை நாசம் செய்யும் புயலுக்கு வைப்பதா என்று அங்கேயே எதிர்ப்புக் கிளம்ப, பாதி வழியில் அதை 'வியாரு' என்று மாற்றினார்கள். கொடுத்த நாட்டுக்கே உறுத்திய பெயர் அது.

ஒருமுறை வந்த பெயர் திரும்ப வருமா?

நம் கடலில் வராது. அட்லாண்டிக்கில் 6 பட்டியல்களை வைத்துச் சுழற்றுகிறார்கள், அதனால் 6 ஆண்டுக்கு ஒருமுறை பழைய பெயர் தலைகாட்டும்; கத்ரீனா போல ஊரை அழித்ததை மட்டும் நீக்கிவிடுவார்கள். இங்கே 2020 ஜூன் முதல் 2025 நவம்பர் வரை 26 பெயர்கள் செலவாயின. இதே வேகத்தில் போனால் மீதி 143 பெயர்கள் இன்னும் 30 ஆண்டுக்கு வரும்.

2019-இல் அந்தமான் பக்கம் வந்த பபுக், நம் பட்டியலிலேயே இல்லையே?

நல்ல கண் உங்களுக்கு! அது தென்சீனக் கடலில் பெயரோடு கிளம்பி, புயலாகவே இந்தப் பக்கம் தாண்டி வந்தது. அப்படி வந்தால் பழைய பெயரே தொடரும்; அது லாவோஸ் கொடுத்த பெயர். வழியில் வலுவிழந்து, இங்கே வந்து மறுபடி எழுந்தால் புதுப் பெயர் உண்டு. அதே ஆண்டின் புல்புல் அப்படித்தான். அந்தப் பக்கம் அதன் பெயர் மட்மோ.

தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு என்ன பெயர்?

பெயர் கிடையாது. அப்போது நம் கடலில் அந்த வழக்கமே இல்லை. ராமேஸ்வரத்தில் இன்றும் 'அறுபத்துநாலு புயல்' என்பார்கள். மட்டக்களப்பில் அதேபோல் 'எழுபத்தெட்டு சூறாவளி' என்று சொல்லிப் பாருங்கள், வயதானவர்கள் யாரும் "எது?" என்று கேட்க மாட்டார்கள்.