பால்வாடி டீச்சருக்கு விருது உண்டா?

கேள்வி: எங்க ஊர் பால்வாடி டீச்சர் 28 வருஷமா இருக்காங்க, என்னையும் அவங்கதான் பாத்துக்கிட்டாங்க, இப்ப என் பொண்ணும் அங்கதான் போறா. நல்லாசிரியர் விருதுக்கு அவங்க பேர எழுதிப் போடலாமா?
- ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: செப்டம்பர் 5-க்கு குடுக்கிற அந்த ராதாகிருஷ்ணன் விருது பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும்மா. பால்வாடி சமூக நலத்துறைக்குக் கீழ வருது, அதனால அந்த லிஸ்ட்ல அவங்க பேரு வராது. ஆனா அங்கன்வாடி பணியாளர்களுக்குன்னே மத்திய அரசு 2000-01ல தனியா விருது ஆரம்பிச்சுது, தேசிய அளவுல ஒண்ணு, மாநில அளவுல ஒண்ணு, பணமும் சான்றிதழும் உண்டு. துறை வழியாத்தான் பேரு மேல போகும், அதனால உங்க வட்டாரத்து குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் ஆபீஸ்ல போய்ப் பேசுங்க, கையில ஒரு கடிதமும் கொண்டு போங்க. அதுல ரொம்ப நல்லவங்கன்னு மட்டும் எழுதாதீங்க, கஜா புயலப்ப என்ன செஞ்சாங்க, எந்தப் புள்ளைக்கு எடை ஏறலன்னு வீடு தேடி எத்தன தடவ வந்தாங்க, அத எழுதுங்க. அக்டோபர் 2 கிராம சபையில எல்லார் முன்னாடியும் அவங்களுக்கு ஒரு பாராட்டுத் தீர்மானமும் போடச் சொல்லுங்க. 1975ல பால்வாடிங்கள நடத்துற இந்த ஐசிடிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சி) திட்டம் தொடங்கினதும் அதே அக்டோபர் 2தான்.

கேள்வி: விருதெல்லாம் எதுக்குங்க, அதுக்குப் பதிலா சம்பளத்த ஏத்தலாமே?
- ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஏத்தணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. அங்கன்வாடி பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) சட்டம் பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதே 2022 ஏப்ரல்லதான், அவ்வளவு வருஷம் ஆச்சு. ஆனா விருதும் வேணுங்க, ஏன்னா அவங்க செய்யிறது யார் கண்ணுலயும் படறதில்ல. போன சம்பா நடவப்ப மன்னார்குடி பக்கம் ஒரு பால்வாடியில உக்காந்திருந்தேன், அம்மாங்கல்லாம் நாத்து பறிக்க விடியக்காலையிலேயே போயிட்டாங்க, அக்கா பாட்டின்னு ஆளாளுக்கு புள்ளைங்கள கொண்டாந்து விடுறாங்க. ரெண்டரை வயசுப் பையன் ஒருத்தன் முட்டையத் தொடவே மாட்டேங்கிறான். ஆயாம்மா மஞ்சக்கருவ எடுத்து சோத்துல உப்பு போட்டுப் பிசைஞ்சு, சின்னச் சின்ன உருண்டையா தட்டோரம் வரிசையா வச்சு, இது காக்காவுக்கு, இது ஆட்டுக்குட்டிக்குன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்க. காக்கா பங்கு, ஆட்டுக்குட்டி பங்கு எல்லாத்தையும் அவனே தின்னுட்டான். அப்புறம் டீச்சர் அவன தராசுல தொங்கவிட்டுப் பாத்தாங்க, போன மாசத்தவிட 200 கிராம் கூட. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டாங்க. போன்ல அந்த எடைய ஏத்தினா நம்பர் மட்டும்தான் மேல போகும், உருண்டை பிடிச்ச கை போகாது. எனக்கு அந்த ஆயாம்மாவுக்கும் மேடையில சால்வை போட்டுப் பாக்கணும்னு ஆசை.

கேள்வி: சின்னப் புள்ளைங்க படிப்புக்காக பெரிய விருது வாங்கினவங்க நம்ம நாட்டுல இருக்காங்களா?
- கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

பதில்: இருக்காங்க. தாராபாய் மோடக் 1962ல பத்மபூஷண் வாங்கினாங்க, அவங்க கூடவே நின்ன அனுதாய் வாக் 1984ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. அனுதாய்க்கு 13 வயசுல கல்யாணம், ஆறு மாசத்துல கணவர் போயிட்டார், அதுக்கப்புறம் ராத்திரி பள்ளிக்கூடம் போய் படிச்சு வந்தவங்க. மகாராஷ்டிரா கோஸ்பாட்ல பழங்குடிப் புள்ளைங்க பால்வாடிக்கு வர முடியல, தம்பி தங்கச்சிய இடுப்புல வச்சுக்கணும், மாடு மேய்க்கணும். சரின்னு இவங்க பள்ளிக்கூடத்தையே அந்தக் குடிசைங்க முற்றத்துக்குக் கொண்டு போனாங்க, மேய்ச்சல் தரையிலயும் பாடம் நடத்தினாங்க. மராத்தியில, இந்தியில 'அங்கன்'னா முற்றம். நம்ம ஊர் போர்டுல எழுதியிருக்கிற அங்கன்வாடிங்கிற பேருக்குள்ள அந்த முற்றம்தான் இருக்கு.