பிள்ளையின் வாயில் நாம் வைக்கும் பொய்

கேள்வி: கடன் கொடுத்த மீன் வியாபாரி வாசலுக்கு வரும்போதெல்லாம், "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லும்படி மகனைப் பழக்கிவிட்டோம். இப்போது அவன் மதிப்பெண்ணை மறைக்கிறான். கண்டித்தால் எங்களையே திருப்பிக் கேட்கிறான். என்ன செய்வது?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: மகனைத் திருத்துவதற்கு முன், அடுத்த முறை வியாபாரி வரும்போது உங்கள் கணவர் தாமே வாசலுக்கு வந்து, மகன் காதுபட, "இப்போது கையில் பணம் இல்லை, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போனதும் இவ்வளவு தருகிறேன்" என்று சொல்லட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பதை அறியாத வியாபாரி நம் கரையில் இல்லை; ஆகவே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் மானம் போகிறதே தவிர, கடனில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. சொன்ன தொகையை மகனைக் கொண்டே நாட்காட்டியில் எழுதச் செய்யுங்கள். கொடுக்க முடியாமற்போனால், தவணை நாளுக்கு முன்பே அவரைத் தேடிச் சென்று சொல்லுங்கள். லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு, மனம் வருந்தியதோடு நிற்காமல், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் எழுந்து நின்று கூறினார். "உன்னைப் பொய் சொல்ல வைத்தது எங்கள் தவறு" என்று நீங்கள் இருவரும் மகனிடம் சொல்லுங்கள்; பெற்றோருக்கு இதுவே மிகக் கடினம் என்பதை அறிவேன். மதிப்பெண் பேச்சை அதற்குப் பிறகு, இரவு ஜெபமாலை முடிந்ததும், அடிக்காமல் எடுங்கள்.