தூங்கும் லேப்டாப்பை வைஃபையில் எழுப்புவது: கேட்டதும் சொன்னதும்

திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்றை வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். வேலை இல்லாதபோது தூங்கும், தேவைப்பட்டால் எழுப்புவேன் என்று சொல்லியிருந்தேன். கேபிள் போட்டுத்தானே என்றார்கள். இல்லை, வைஃபையில்தான். அதற்கு வந்த கேள்விகள் இவை.

அண்ணா, லேப்டாப் தூங்கினால் வைஃபையும் சேர்ந்து படுத்துவிடுமே? யார் காதில் விழும்?

முழுசாகப் படுக்காது தம்பி. ரேமுக்கும் வைஃபை கார்டுக்கும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கார்டுக்குள் சொந்தமாக ஒரு குட்டி ப்ராசசரும் அதை ஓட்டும் ஃபர்ம்வேர் என்ற நிரலும் உண்டு. தூங்கப் போகுமுன் டிரைவர் அதனிடம் ரூட்டர் இணைப்பையும் என்கிரிப்ஷன் சாவிகளையும் ஒப்படைத்து, எந்த பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) வந்தால் எழுப்ப வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்துவிடும். ரூட்டர் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு பீக்கன், அதாவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பு, அனுப்புகிறது. கார்டு அந்த நேரத்துக்குக் கண் திறந்து, தனக்கு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

மேஜிக் பாக்கெட்டில் என்ன சார் மேஜிக்?

பெயரில் மட்டும்தான். தூங்கும் கணினியை எழுப்பும் பாக்கெட் அது. முதல் 6 பைட்டும் எஃப்எஃப் (பதினாறடிமான எண்ணில் 255). பிறகு அந்த கார்டின் மேக் முகவரி, அதாவது கார்டின் 6 பைட் அடையாள எண், 16 தடவை. மொத்தம் 102 பைட். 1990களின் நடுவில் ஏஎம்டியும் ஹெச்பியும் கொண்டுவந்த ஏற்பாடு. எந்த யூடிபி போர்ட்டுக்கு (பாக்கெட் போய்ச் சேரும் வாசல் எண்) அனுப்புவது, 7ஆ 9ஆ என்று சண்டை போடுவார்கள். கார்டு போர்ட்டையே பார்ப்பதில்லை, இந்த வரிசை உள்ளே எங்காவது இருந்தால் போதும். பிராட்காஸ்டாக, அதாவது நெட்வொர்க்கில் எல்லோருக்கும், அனுப்பினால் காற்றில் தவறிப்போகலாம். அதனால் நான் மூன்று தடவை அனுப்புவேன்.

தனி ஆப் எதற்கு? எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) போட்டதுமே எழ வேண்டும். விண்டோஸில் 'பேட்டர்ன் மேட்ச்' என்று ஒன்றைப் பார்த்து டிக் போட்டேன். இப்போது லேப்டாப் தூங்கவே மாட்டேன் என்கிறது.

எழுப்புவது பெரிய வித்தையே இல்லை. எதற்கெல்லாம் எழக்கூடாது என்று சொல்வதில்தான் பாடு. வீட்டு நெட்வொர்க்கில் சத்தம் ஓயாது. டிவி 239.255.255.250 முகவரிக்குக் கூவும், பிரிண்டர் 224.0.0.251க்குக் கூவும், ரூட்டர் "இந்த ஐபி யாருடையது?" என்று ஏஆர்பி கேட்டுக்கொண்டே இருக்கும். வடிகட்டி தளர்வாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எழும். விண்டோஸில் அந்தப் பட்டியலை நீங்கள் எழுத முடியாது, அதுவே போட்டுக்கொள்ளும். அதனால் அங்கே 'மேஜிக் பாக்கெட் மட்டும்' என்று வைத்துவிடுங்கள்.

லினக்ஸில் 'ஐடபிள்யூ' கருவியால் நம் பேட்டர்னை நாமே எழுதலாம். பாக்கெட்டின் எத்தனையாவது பைட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் பேட்டர்ன். வேண்டாத இடத்தில் சின்னக் கோடு. காற்றில் போவது வைஃபை ஃபிரேம் என்றாலும், எண்ணும்போது சாதாரண ஈதர்நெட் பாக்கெட் என்று நினைத்து 0விலிருந்து எண்ண வேண்டும். நான் இங்கேதான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன்.

லேப்டாப்பின் ஐபி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். 12, 13வது பைட்டில் 08 00, அதாவது ஐபிவி4. 23ல் 06, அதாவது டிசிபி. 30 முதல் 33 வரை சி0 ஏ8 01 14, அதுதான் நம் ஐபி. 36, 37ல் 00 16, அதாவது போர்ட் 22. 47ல் 02, அதாவது இணைப்பைத் தொடங்கும் குறி, வைத்தால் புதிய இணைப்புக்கு மட்டும் எழும். பழைய எஸ்எஸ்ஹெச் ஜன்னல் ஒன்று எங்கோ உயிரோடு இருந்து தட்டினால் எழாது. ஆனால் அனுப்பும் கருவி ஈசிஎன் (நெரிசலைத் தெரிவிக்கும் வசதி) கேட்டால் அந்த பைட் சி2 ஆகிவிடும், அதற்கு இன்னொரு பேட்டர்ன் போடுங்கள். இன்டெல் கார்டுகளில் 20 பேட்டர்ன் வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் 16 முதல் 128 பைட்.

இத்தனையும் சரியாகப் போட்டும் எழாது! எஸ்எஸ்ஹெச் பாக்கெட் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் கணினி லேப்டாப்பின் மேக் முகவரிக்காக ஏஆர்பி கேட்கும். தூங்குபவர் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பாக்கெட் வாசல்படியே தாண்டாது. ஏஆர்பிக்கும் எழு என்று சொன்னால் பழையபடி டிவியும் ரூட்டரும் எழுப்பிவிடும். சில கார்டுகள் தூக்கத்திலேயே ஏஆர்பிக்குப் பதில் சொல்லும். உங்களுடையது சொல்லாவிட்டால், கூப்பிடும் கணினியில் லேப்டாப்பின் மேக் முகவரியை நிரந்தரமாகப் பதிந்துவிடுங்கள். ஆப்பிள்காரர்கள் இதை வேறு மாதிரி தீர்த்தார்கள். 2009ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் இயங்குதளத்திலிருந்து, தூங்கும் ஆப்பிள் மேக் கணினிக்காக விழித்திருக்கும் இன்னொரு கருவி பதில் சொல்லும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

ராத்திரி தூங்கப் போட்டால் பத்து நிமிஷம் கழித்து எழுப்ப முடிகிறது. காலையில் எழுப்பினால் அசைவே இல்லை.

ரூட்டர் அவ்வப்போது குழுச் சாவியை மாற்றும். பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிக்கும் சாவி அது. கார்டின் ஃபர்ம்வேருக்குப் புதுச் சாவி வாங்கத் தெரியாவிட்டால் ரூட்டர் இணைப்பைத் துண்டித்துவிடும். ரூட்டர் அமைப்பில் அந்த இடைவெளியை ஒரு நாளாக நீட்டிப் பாருங்கள். இரண்டாவது சந்தேகம், ரொம்ப நேரம் பேசாத கருவியை ரூட்டர் கழற்றிவிடுவது.

ஷட் டவுன் செய்துவிட்டு எழுப்பலாமா?

கேபிளில் பல மெஷின்களில் நடக்கும். வைஃபையில் ஆசைப்படாதீர்கள். ஷட் டவுனில் சாவிகள் போய்விடும், கார்டு ரூட்டரோடு இருக்காது.

வெளியூரிலிருந்து எழுப்ப ரூட்டரில் போர்ட் திறந்தேன். வேலை செய்யவில்லை ஐயா.

வெளியிலிருந்து வரும் பிராட்காஸ்டை ரூட்டர்கள் உள்ளே விடக்கூடாது என்று 1999லேயே ஆர்எஃப்சி 2644 என்ற இணையத் தர ஆவணம் சொல்லிவிட்டது. போதாததற்கு நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபியும் கிடையாது. எப்போதும் விழித்திருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வைத்து, விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் போகும் பூட்டிய வழி) வழியாக அதனுள் போய், அங்கிருந்து மேஜிக் பாக்கெட் அனுப்புங்கள். திறந்த போர்ட்டை இன்றைக்கே மூடுங்கள்.

வேறு யாராவது எழுப்பிவிட்டால்?

உங்கள் வைஃபையில் இருக்கும் யாரும் எழுப்பலாம். மேக் முகவரி ரகசியம் இல்லை. மேஜிக் பாக்கெட்டோடு 6 பைட் பாஸ்வேர்ட் வைக்கும் வசதி உண்டு. அதுவும் பாக்கெட்டுக்குள் பூட்டில்லாமல்தான் போகும். எழுந்தாலும் லாகின் பூட்டு இருக்கிறதே, அதைச் சரியாக வையுங்கள்.

போன் மட்டும் எப்படித் தூங்கிக்கொண்டே எல்லாம் வாங்குகிறது?

அதுவும் வடிகட்டல்தான். ஆண்ட்ராய்டு, குப்பைப் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியும் ஒரு குட்டி நிரலை வைஃபை சிப்புக்குள்ளேயே இறக்கிவிடும். வைஃபையின் 802.11வி தரம் இன்னும் ஒரு படி மேலே போய், வடிகட்டியை ரூட்டரிடமே கொடுக்கச் சொல்கிறது. 2021ல் முடிந்த 802.11பிஏ, எழுப்புவதற்கென்றே 1 மில்லிவாட்டுக்குக் குறைவாகச் செலவழிக்கும் தனி ரேடியோவைச் சேர்த்தது.

கரண்ட் போய் வந்தால்?

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரூட்டருக்கு இல்லை. ரூட்டர் அணைந்ததும் இணைப்பு போய்விடும். தூங்கும் கார்டு தானாகத் திரும்பச் சேரும் என்று நம்ப முடியாது. லினக்ஸில் 'இணைப்பு அறுந்தால் எழு' என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டிருந்தேன். போன மழையில் ஒரே ராத்திரியில் ஏழு தடவை எழுந்து உட்கார்ந்தது. இப்போது ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வைத்துவிட்டேன்.