.308-ஆ, .30-06-ஆ? வாடகைத் துப்பாக்கிக்கு இவ்வளவு யோசனையா?

அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவில் இருக்கும் மச்சான், லிம்போபோ மாகாணத்துப் பண்ணை ஒன்றுக்கு வேட்டைக்குக் கூப்பிடுகிறாராம். கூடூ என்கிற முறுக்குக்கொம்பு மான் ஒன்று, இம்பாலா ஒன்று. துப்பாக்கி அங்கேயே வாடகைக்கு. தோட்டா அளவில் .308 எடுக்கவா, .30-06 எடுக்கவா, இல்லை ஏஜென்ட் சொல்கிற .300 வின்செஸ்டர் மேக்னமா? இதுவரை சுட்டதெல்லாம் ரைஃபிள் கிளப்பில் சின்னத் தோட்டாவான .22 மட்டும்தான்.

.308 எடுங்கள் தம்பி. முடிந்தது.

காரணமும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் போவது ஒரே பருமன் குண்டு. .30-06 என்பது 1906-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்கு வந்தது, அதன் தோட்டாக் கூடு, அதாவது மருந்து அடைக்கும் பித்தளைக் குழல், 63 மில்லிமீட்டர் நீளம், 1952-ல் வந்த .308-க்கு 51 மில்லிமீட்டர்தான். கூடு நீளமென்றால் வெடிமருந்து கொஞ்சம் கூடப் பிடிக்கும், 180 கிரெய்ன் (ஏறக்குறைய 11.7 கிராம்) எடைக் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் வேகம் கூடப் போகும், அவ்வளவுதான். புதர்க்காட்டில் நீங்கள் சுடப்போவது பெரும்பாலும் 150 மீட்டருக்குள். அந்தத் தூரத்தில் இரண்டுக்கும் விரல் அகல வித்தியாசம்கூட இராது. மானுக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் தோளுக்குத்தான் தெரியும். .22-ல் பழகிய ஆள் பெரிய ரைஃபிளின் உதைக்குப் பயந்து, குதிரையை, அதாவது ட்ரிக்கரை, இழுக்கும்போதே கண்ணை மூடுவார். ஆகவே இரண்டில் உதை குறைந்த .308-ஏ உங்களுக்கு நல்லது.

மேக்னம் பேச்சையே எடுக்க வேண்டாம். உதை அதில்தான் அதிகம், 150 மீட்டர் வேட்டைக்கு அதற்கு வேலையும் இல்லை, வாடகை கூட வருமென்றுதான் அந்த ஏஜென்ட் தள்ளிவிடுகிறார் என்பது என் சந்தேகம். இந்த ஆட்களிடம் கவனமாக இருங்கள். நாள் வாடகையை மலிவாகக் காட்டுவார்கள், மிருகத்துக்குத் தனிக் காசு என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைவிட முக்கியம்: குண்டு பட்டு மிருகம் தப்பி ஓடினாலும், ஒரு சொட்டு ரத்தம் தரையில் இருந்தால் முழுக் காசும் கொடுக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம், ஆனால் பணம் கட்டும் வரைக்கும் இவர்கள் அதை வாய் திறந்து சொல்வதில்லை. எழுத்தில் வாங்குங்கள். கொம்பை ஊருக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டித் தருகிறேன் என்றால், இறக்குமதி அனுமதியைக் கையில் காட்டச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும்.

சொந்தத் துப்பாக்கியை எடுத்துப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்கப் போலீஸுக்கு ஒரு படிவம், எஸ்ஏபிஎஸ் 520, கொடுத்தால் தற்காலிக அனுமதி கிடைக்கும். நம் பக்கத்துக் காகிதம்தான் கழுத்தை அறுக்கும். லைசென்ஸ் புதுப்பிக்க நான் நடந்த நடைக்கு வெள்ளியங்கிரி மலையை நாலு தரம் ஏறியிருக்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் ஒப்படைப்பது வேறு. வாடகைக்கே எடுங்கள்.

போனதும் முதல் வேலை, குறிப்பலகையில் மூன்று குண்டு சுட்டுப் பார்ப்பது. வாடகைத் துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பை நேற்று யார் தட்டிவிட்டார்களோ. தோட்டாவின் அடியில் அடித்திருக்கும் எழுத்தையும் படியுங்கள்; .308 தோட்டாவை .30-06-ல் போட்டு வெடித்தால் கூடு கிழிந்துவிடும். கூடூவைப் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்கால் நேரே, உடம்பின் அடி மூன்றில் ஒரு பாகத்தில் சுடுங்கள்.

ஒன்று மட்டும். நீங்கள் இடதுகைக்காரரா? சொல்லவில்லை. நான் இடதுகை, அதனால் கேட்கிறேன். வாடகை ரைஃபிள் பெரும்பாலும் வலதுகைக்காரருக்குச் செய்தது, தோட்டா ஏற்றும் போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுட்டால், அடுத்த தோட்டா ஏற்றக் குதிரையிலிருந்து கையை எடுத்து, ஸ்கோப்பைத் தாண்டி மேலே கொண்டுபோக வேண்டும். அதற்குள் கண் ஸ்கோப்பை விட்டுவிடும், மான் புதருக்குள் போய்விடும், காசும் போய்விடும். இடதுகை என்றால் தோட்டா அளவெல்லாம் இரண்டாம் பட்சம்; .308-ஓ .30-06-ஓ, எது இடப்பக்கப் போல்ட்டில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். டிக்கெட் போடும் முன்னாலேயே மச்சானைத் துப்பாக்கியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கைப்பிடி எந்தப் பக்கம் என்று தெரிகிற மாதிரி.