அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது?

கேள்வி: என் மகள் ஏ.எல். கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஜயவர்த்தனபுரத்தை முதலாவதாகப் போட்டு, அங்கே குற்றவியல் படிக்கப் போகிறாளாம். கள்வர், கொலை, மறியல் என்று படித்த பெண்ணை யார் கட்டுவார்கள்? யாழ்ப்பாணத்தில் ஏதாவது படித்து டீச்சராக வந்தால் போதும் என்றால் கேட்கிறாள் இல்லை. போன வருடம் மூத்தவன் பெர்மிட் இல்லாமல் ட்ராக்டரில் மண் ஏற்றிப் பிடிபட்டான். பொலிஸில் சிங்களத்தில் எழுதின வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தான், என்ன எழுதினார்கள் என்று இன்னும் தெரியாது, வழக்கு நடக்கிறது. அன்றிலிருந்துதான் இவளுக்கு இந்தப் பைத்தியம். புத்தி சொல்லுங்கள்.
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, கலியாணக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். படிப்பின் பெயரைக் கேட்டே பின்வாங்குகிற வீட்டுக்கு உங்கள் பிள்ளை மருமகளாகப் போகாமல் இருப்பதே நல்லது.

எனக்கு உறுத்துவது வேறு. "என்ன எழுதினார்கள் என்று இன்னும் தெரியாது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடமாகத் தெரியாதா? கிழமைக் கடன் கொப்பியில் ஐந்நூறு ரூபாய் பிசகினால், காசு சேர்க்க வந்த பெடியனை வாசலிலேயே மறித்துக் கணக்குக் கேட்கிற ஆட்கள் நாங்கள். பெற்ற மகன் எதற்குக் கையெழுத்து வைத்தான் என்று மட்டும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அதைக் கேட்கத் தோன்றியது ஒரே ஒருத்திக்கு. அதற்கு நீங்கள் வைத்த பெயர் பைத்தியம்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆவது பிரிவைப் பாருங்கள். பொலிஸ் எழுதுகிற வாக்குமூலத்தை, கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால், விளங்குகிற மொழியில் சொல்ல வேண்டும். திருத்தவும் கூட்டிச் சொல்லவும் அவருக்கு இடம் உண்டு. கையெழுத்து அதற்குப் பிறகுதான். வடக்கில் நீதிமன்றம் தமிழில் நடக்கிறது, அரசியலமைப்பிலேயே அது இருக்கிறது. ஆனால் வழக்கு நீதவானிடம் வருவதற்கு முதல் ஒரு மேசையில் ஒரு தாள் எழுதப்படுகிறதே, எங்கள் பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள். "வைச்சிட்டுப் போ தம்பி, ஒன்றுமில்லை" என்றால் வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ட்ராக்டர் யாருடையது? உங்கள் மகனுடையது என்றால் எழுதியிருப்பீர்கள். முதலாளி ஒருவர் இருப்பார். அவர் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தத் தாளிலாவது இருக்கிறதா? 1939 இல் எட்வின் சதர்லண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், குற்றம் என்றால் ஏழை செய்வது மட்டும்தானா, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கந்தோரில் இருப்பவர் செய்வதை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று கேட்டார். குற்றவியலில் இன்றைக்கும் அதைப் படிப்பிக்கிறார்கள். சாரதி கூண்டில் நிற்க முதலாளி வீட்டில் இருப்பது ஏன் என்று உங்கள் மகள் கேட்பதும் அதே கேள்விதான். அவள் பாடத்தை ஏற்கெனவே தொடங்கிவிட்டாள்.

அதற்காக மூத்தவனைத் தடவிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஊர் ஆற்றை அள்ளி விற்பது பிழை. கூலிக்குச் செய்தாலும் பிழைதான். பிள்ளை செய்த பிழையைத் தாய் மூடி மறைக்கக்கூடாது, செய்யாத பிழையை அவன் தலையில் கட்டவும் விடக்கூடாது. இரண்டுக்கும் முதலில் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இனிப் படிப்பு. இது பொலிஸ் பயிற்சி இல்லை. சட்டத்தரணிப் படிப்பும் இல்லை, அதற்குச் சட்டம் தனியாகப் படிக்க வேண்டும். ஒருவன் ஏன் குற்றத்துக்குப் போகிறான், பாதிக்கப்பட்டவருக்கு என்ன நடக்கிறது, மறியல் ஆளைத் திருத்துகிறதா கெடுக்கிறதா, இவைதான் பாடம். ஜயவர்த்தனபுரத்தில் இதற்குத் தனித்துறையே இருக்கிறது. படித்து வந்தால் நன்னடத்தை, சிறுவர் பாதுகாப்பு, சிறைச்சாலைப் புனர்வாழ்வு என்று போகலாம். வேலை கையில் வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கப் போவதில்லை, போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். டீச்சர் வேலையும் இப்போது அப்படித்தானே. தமிழில் படிப்பிக்க மாட்டார்கள் என்பதுதான் மெய்யான கஷ்டம். இப்போதே ஆங்கிலத்தில் இறங்கச் சொல்லுங்கள், அப்புறம் சிங்களமும். அந்தத் தாளை வாசிக்க இந்த வீட்டில் ஒருவராவது வேண்டுமே.

செலவுக்கு? அண்ணன் இருக்கிறான். என் கொள்கை பழசுதான்: தங்கச்சி படிக்க அண்ணன் உழைக்க வேண்டும். அவனுக்காக யோசித்தவள் அவள். மேசன் வேலைக்குப் போகட்டும், வயலுக்குப் போகட்டும், மண் ட்ராக்டரில் மட்டும் இனி ஏறக்கூடாது. மாதா மாதம் அவளுடைய கணக்கில் அவன் கையாலேயே காசு போட வேண்டும்.

அடுத்த தவணைக்கு முதல் சட்டத்தரணியைக் கண்டு, வாக்குமூலத்தை வாசித்துக் காட்டவில்லை என்று மகனையே சொல்லச் சொல்லுங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி ஒன்று இருக்கும், நீங்கள் அதை எழுதவில்லை. அது தாண்ட முதல் அவள் போட்ட ஒழுங்கிலேயே அனுப்ப விடுங்கள்.