பானெட்டில் மெஷினை வைக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை மெஷின் பாலிஷ் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களில் பலர் முதல் முறையாகச் செய்யப் போகிறவர்கள், அதனால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

கேள்வி: நாலு வருஷமான கறுப்பு செடான் வைத்திருக்கிறேன். நிழலில் நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். சர்வீஸ் சென்டரில் ஃபுல் பாடி பாலிஷ் போடச் சொல்கிறார்கள். நானே வீட்டில் செய்ய முடியுமா? (கோவை வாசகர்)

பதில்: முடியும். அந்தக் கீறல்கள் நிஜத்தில் வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுகிற நுண்ணிய கீறல்கள்தான். சூரியன் பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி எந்தக் கீறல் சரியான கோணத்தில் இருக்கிறதோ அது மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. கறுப்பு வண்டியில் அப்பட்டமாகத் தெரியும், வெள்ளை வண்டியிலும் அதே அளவு இருக்கும், ஆனால் யாரும் கவனிப்பதில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது. தகரத்தின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், கலர், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். பாலிஷ் செய்வது என்றால் இந்த மெல்லிய கிளியர் கோட்டைக் கீறலின் ஆழம் வரை இன்னும் கொஞ்சம் தேய்த்து எடுத்துச் சமப்படுத்துவது, அவ்வளவுதான், மேலே எதுவும் புதிதாகச் சேர்வதில்லை. மெல்லிய பாலிஷ் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக எடுக்கும், கடினமான காம்பவுண்ட் (சொரசொரப்பான துகள் கலந்த தேய்ப்புப் பசை) சில மைக்ரான் எடுத்துவிடும். எடுத்தது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் இந்த அடுக்குதான் என்பதால், கீறல் போனால் போதும் என்று நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்தான் நல்ல பாலிஷ்காரர். வருஷா வருஷம் சர்வீஸோடு சேர்த்து ரப்பிங் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது, அதைத் துரத்தவும் கூடாது, ஓரத்தை மழுக்கிக் கொஞ்சம் மங்கலாக்கலாம். கிளியர் கோட் ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தால் அது பெயின்ட் வேலை, பாலிஷ் வேலை இல்லை. மேட் ஃபினிஷ் பெயின்ட்டில் மெஷின் வைக்கவே கூடாது.

கேள்வி: வீட்டில் நாலு இஞ்ச் கிரைண்டர் இருக்கிறது. அதில் பேட் மாட்டினால் ஆகாதா? தனியாக மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். கிரைண்டர் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுகிற சாமான், பாலிஷ் வேலைக்கு வேண்டியது 600 முதல் 3,000. கிரைண்டர் வேகத்தில் ஸ்பாஞ்ச் பேட் பிய்ந்து பறக்கும், பேட் தாங்கினாலும் பெயின்ட் சில விநாடியில் கருகும்.

பெயின்ட் கடைகளில் கிடைக்கும் ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றுகிறது. வேகமாக வெட்டும், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி, ஓரங்களில் கிளியர் கோட்டை அறுத்துக்கொண்டு கலருக்கே போய்விடும். சரியாகக் கையாளாவிட்டால் வெயிலில் ஹோலோகிராம் மாதிரி அலையலையாகத் தடமும் விழும். முதல் முறைக்கு டி.ஏ. மெஷின், அதாவது டூயல் ஆக்‌ஷன், அதைத்தான் வாங்க வேண்டும். இதில் பேட் சுற்றிக்கொண்டே விலகி விலகியும் ஆடுவதால் சூடு ஒரே புள்ளியில் சேராது, அதிகமாக அழுத்தினால் சுற்றுவதே நின்றுவிடும். ஆட்டத்தின் அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 8, 15, 21 என்று கிடைக்கிறது. 21 பெரிய பானெட்டில் சீக்கிரம் முடிக்கும், வளைவில் தடுமாறும். நம் ஊர் ஹேட்ச்பேக்குக்கும் செடானுக்கும் 15 மில்லிமீட்டரில் ஐந்து இஞ்ச் பிளேட், அதாவது பேட் ஒட்டும் வட்டத் தட்டு, போதும், குறுகலான தூணுக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் ஒரு சின்ன மூன்று இஞ்ச் பிளேட் இருந்தால் நல்லது.

மெஷினில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, பேடில் பிடிக்காதீர்கள். ஒரே பேடை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் முடிக்கப் பார்த்துத்தான் நிறையப் பேர் சலித்துப் போகிறார்கள். வெட்டுவதற்கு மூன்று நான்கு, ஃபினிஷிங்குக்கு இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பேடின் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம், ஒரு கம்பெனியின் மஞ்சள் இன்னொரு கம்பெனியில் வேறு கடினத்தில் வரும்.

கேள்வி: மெஷின், பேட், காம்பவுண்ட் எல்லாம் வாங்கிவிட்டேன், தொட பயமாக இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது, எப்படிச் செய்வது என்று விவரமாகச் சொல்லுங்கள். (திருச்சி வாசகர்)

பதில்: மெஷினைத் தொடுவதற்கு முந்தைய வேலைதான் பாதி. நன்றாகக் கழுவுங்கள், ஒரு பக்கெட்டில் ஷாம்பூ, இன்னொரு பக்கெட்டில் துணியை அலச வெறும் தண்ணீர். காய்ந்த பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் பிரேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள், தார், மரப்பிசின் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கிளே பாரால், அதாவது ஒட்டிய அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் மாதிரிக் கட்டியால், எடுக்க வேண்டும், ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல். கிளே கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள், ஒட்டிய ஒரு மணல் போதும் நீளமாக ஒரு கோடு போட. ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், எம்பளம், கூர்மையான ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். காய்ந்த காம்பவுண்ட் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஏறினால் எடுப்பது பெரிய பாடு.

வண்டி நிழலில் இருக்க வேண்டும், பானெட் குளிர்ந்திருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டு வந்ததும் ஆரம்பிக்காதீர்கள். மே மாதம் என்றால் காலை ஆறு மணிக்கே தொடங்கி, வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். சூடான தகட்டில் காம்பவுண்ட் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். புழுதி பறக்கிற தெருவோரமும் வேண்டாம்.

அடுத்து சோதனை இடம். பானெட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி டேப்பால் பிரித்துக்கொண்டு, உங்களிடம் இருப்பதிலேயே மென்மையான பேட், மெல்லிய பாலிஷ், அதிலிருந்து ஆரம்பியுங்கள். போதவில்லையா, பேடை அப்படியே வைத்துக்கொண்டு காம்பவுண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால்தான் கடினமான பேட். கையில் கிடைத்ததிலேயே பலமானதை முதலில் போட்டு அரை மணி நேரத்தில் முடிக்கத் தோன்றும், அது வேண்டாம். முக்கால்வாசிக் கீறல் போய்விட்டால் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அது தாராளம். எந்தக் கூட்டணி வேலை செய்கிறதோ அதையே முழு வண்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெஷின். ஒன்றரை அடிச் சதுரம் என்று சின்னச் சின்னப் பகுதியாக எடுங்கள். புது பேடாக இருந்தால் முதல் தடவை முகம் முழுக்க மெல்லிசாகக் காம்பவுண்ட் தடவி, அப்புறம் நான்கைந்து சொட்டு போதும். பேடைப் பெயின்ட்டில் வைத்த பிறகே சுவிட்ச், சுவிட்சை அணைத்த பிறகே தூக்குவது, இல்லாவிட்டால் சுவரெல்லாம் காம்பவுண்ட்தான். மெஷினின் வேக டயலை ஒன்று இரண்டில் வைத்துப் பரப்பிவிட்டு, நான்கு ஐந்துக்கு ஏற்றி, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்று மெதுவாக நகர்த்துங்கள். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், துடைப்பது போல வேகவேகமாக இழுப்பார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதி மேல் படட்டும், மேலும் கீழுமாக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, திரும்பவும் அப்படியே.

பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் வேலை செய்கிறது. நின்று வெறுமனே ஆடினால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. வளைவுகளில் இது அடிக்கடி நடக்கும், அங்கே கையைத் தளர்த்திப் பேடைத் தட்டையாக வையுங்கள். ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள், பெல்ட் பக்கிள், வாட்ச், மோதிரம் மூன்றையும் கழற்றிவிடுங்கள், மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாமல் மேலேயே வைத்துக்கொள்ளும், அங்கே வேகத்தைக் குறையுங்கள். கதவின் ஓரம், பானெட்டில் எழும்பி நிற்கும் கோடு, இங்கெல்லாம் பெயின்ட் எப்போதும் மெல்லிசு, பக்கத்தில் போய்த் திரும்பிவிட வேண்டும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எடுத்த பெயின்ட்தூளும் பழைய காம்பவுண்டும் அடைத்துக்கொண்டால் வெட்டுவதும் குறையும், புதுக் கீறலும் விழும். முதல் முறைக்கு ஒரு செடான் இரண்டு நாள் எடுக்கலாம், அது ஒன்றும் தப்பில்லை.

கேள்வி: வெளியே கொடுத்து பாலிஷ் போட்டேன். எடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது, நாலைந்து வாஷ் ஆனதும் எல்லாக் கீறலும் திரும்பிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (சென்னை வாசகர்)

பதில்: கீறல் போகவே இல்லை, மூடியிருந்தது. சில பாலிஷ், கிளேஸ் வகைகளில் எண்ணெயும் கீறலை நிரப்பும் பொருளும் இருக்கும், கழுவக் கழுவ அது போய்விடும். செய்தவருக்கே தெரியாமல்கூட இது நடக்கும், அதனால் உடனே சந்தேகப்பட வேண்டாம். வண்டியை எடுக்கும்போது ஒரு பேனலையாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்தால் போதும். துடைத்த பிறகு செல்போன் டார்ச் வெளிச்சத்திலும் கீறல் இல்லை என்றால் அது நிஜமான வேலை. வீட்டில் செய்பவர்களும் வாக்ஸ் போடும் முன் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் போர் தண்ணீர்தான். கறுப்புக் கதவெல்லாம் வெள்ளைப் புள்ளி. பாலிஷ் போட்டால் போகுமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: முதலில் பாலிஷ் வேண்டாம். அது தண்ணீர் காய்ந்து படிந்த கால்சியம், மக்னீசியம் உப்பு. வெள்ளை வினிகரில் சரிபாதித் தண்ணீர் கலந்து, குளிர்ந்த கதவில் ஒரு நிமிஷம் ஈரத்துணியாக வைத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், புதுக் கறை கரைந்துவிடும். அதற்கும் போகாமல் குழிவட்டமாகத் தெரிந்தால் கிளியர் கோட்டிலேயே அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்குத்தான் மெஷின். இனிமேல் வெயிலில் கழுவாதீர்கள், தண்ணீர் தானாகக் காயும் முன் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய சிவப்பு மாருதி 800. கையால் கொஞ்சம் தேய்த்தாலே துணியில் சிவப்பு வருகிறது. பெயின்ட் கெட்டுவிட்டதா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கெடவில்லை. பழைய சாலிட் கலர் (மெட்டாலிக் மினுமினுப்பு இல்லாத) வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது, கலரையே நேரடியாகத் தேய்க்கிறீர்கள், அதனால்தான் துணி சிவக்கிறது. வெயிலில் வெளுத்து மாவு மாதிரி ஆன மேல் படலம் போனதும் அடியில் நல்ல சிவப்பு வரும், பழைய வண்டிகளுக்கு இந்த வேலை செய்வதில் இருக்கிற சந்தோஷமே தனி. மெல்லிய பாலிஷ் போதும், பேட் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் அடிக்கடி மாற்றுங்கள். முடித்ததும் வாக்ஸ் கட்டாயம், இல்லாவிட்டால் மறுபடி வெளுக்கும். இந்த வயசு வண்டியில் எங்காவது டிங்கரிங் செய்து பட்டி வைத்திருப்பார்கள். பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் ஒரு முறை பார்த்துவிடுங்கள், மற்ற இடம் 100 காட்டும்போது ஒரு கதவு மட்டும் 300, 400 காட்டினால் அது மறுபெயின்ட். அந்த மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், வழக்கமான மீட்டர்கள் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தபின் அது எத்தனை நாள் நிற்கும்? எங்கள் அபார்ட்மென்ட்டில் தினமும் ஒரு அண்ணன் எல்லா வண்டியையும் துடைப்பார். (மதுரை வாசகர்)

பதில்: கீறல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். ஒரே பக்கெட், ஒரே துணி, பத்துப் பதினைந்து வண்டியின் புழுதி. அவரைக் குறை சொல்லி எழுதவில்லை, கொடுத்த சாமானை வைத்துத்தான் அவர் வேலை செய்கிறார். உங்கள் வண்டிக்கென்று ஒரு பக்கெட்டும் ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணியும் அவரிடம் கொடுத்து, தினமும் கண்ணாடி மட்டும் துடைத்தால் போதும், பாடியை வாரம் ஒரு நாள் நிறையத் தண்ணீர் விட்டு ஷாம்பூ போட்டுக் கழுவிக் கொடுங்கள் என்று கேளுங்கள், அதே சம்பளம்தான் என்றும் சொல்லிவிடுங்கள். காய்ந்த புழுதியைத் துடைக்கவும் கூடாது, டஸ்டரால் தட்டவும் கூடாது. பாலிஷ் முடிந்த அன்றே ஒரு சீலன்ட்டோ வாக்ஸோ போட்டுவிட்டால் புழுதி அவ்வளவாக ஒட்டாது. மைக்ரோஃபைபர் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள், கம்ஃபர்ட் மாதிரி திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம், தரையில் விழுந்த துணியைத் துவைத்த பிறகே மறுபடி வண்டியில் வைக்க வேண்டும்.